கம்ப்யூட்டர் படிக்காத நாலு வரி

வியாழக்கிழமை, மாலை

அன்பும் மதிப்பும் மிக்க பெரிய மாமாவுக்கு,

உங்கள் மருமகள் குண்டூசி வணக்கத்துடன் எழுதுவது. நானும் என் வீட்டுக்காரரும் சுகம். அம்மா சுகம். சமையலறைக் குழாய் மட்டும் சுகமில்லை, அது வேறு கதை. உங்கள் சர்க்கரையும் அத்தையின் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்டு நடந்துகொள்கின்றன என்று நினைக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் போனில் நாற்பது நிமிடம் பேசினீர்கள். நான் பேசியது 'ம்' மட்டும். அந்த 'ம்' எல்லாவற்றையும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு அம்மாவிடம், "பொண்ணு ஒத்துக்கிட்டா, வெள்ளிக்கிழமை மன்னிப்பு எழுதிக் குடுத்துடுவா" என்று சொல்லிவிட்டீர்களாம். அது சம்மதம் இல்லை, மாமா. நான் மூச்சுவிட்ட சத்தம். உங்களை இடைமறித்துப் பேச இந்தக் குடும்பத்தில் இன்னும் ஆள் பிறக்கவில்லை, அதனால்தான் கடிதம் எழுதுகிறேன். இதை நீங்கள் இடைமறிக்க முடியாது. நாளை மாலை ஐந்து மணி கெடு. நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. அந்த நாலு வரியை எடுக்கப் போவதும் இல்லை. இதற்கு மேல் படிக்க உங்களுக்குப் பொறுமை இல்லையென்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், விஷயம் இவ்வளவுதான். ஆனால் நிறுத்த மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

எனக்கு நாற்பத்து மூன்று வயது. தலை பாதி நரைத்துவிட்டது. எங்கள் பிரிவின் தலைவர் என்னைப் பற்றிய புகாரை என்னிடம் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் சொல்லியிருக்கிறார், ஏனென்றால் அவருடைய அப்பாவும் நீங்களும் சர்வே ஆபீசில் ஒரே மேஜையில் உட்கார்ந்தவர்கள், பதினாறு வருடத்துக்கு முன்னால் நீங்கள் ஒரு வார்த்தை சொல்லித்தான் எனக்கு அங்கே வேலை கிடைத்தது. அதை நான் மறக்கவில்லை. ஆனால் வேலை வாங்கிக் கொடுத்தது நீங்கள், பதினாறு வருடம் அந்த வேலையைப் பார்த்தது நான். நாளைக்குத் தலைவருக்குத் தலைவலி வந்தால் அதையும் உங்களுக்கு போன் போட்டுத்தான் சொல்வாரா?

போனில் நீங்கள் கேட்டீர்கள், "அந்த ஆபரேட்டரோட உனக்கு என்ன தகராறு? பாவம், போன் எடுத்துப் பேசற பொண்ணா இருக்கும்." மாமா, ஆபரேட்டர் என்பது பெண் இல்லை. அது ஒரு குறி. கூட்டல் குறி இருக்கிறதே, அது ஒரு ஆபரேட்டர். அதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வருகிற பொருளுக்கு எங்கள் தொழிலில் ஆர்க்யுமென்ட் என்று பெயர். (இந்தச் சொல்லைத் தலைவரிடம் கேட்டுவிட்டுத்தான் நீங்கள், "ஆர்க்யுமென்ட் பண்ணாதேன்னுதானே நானும் தலைதலையா அடிச்சுக்கறேன்" என்றீர்கள்.) கூட்டலில் எந்தப் பக்கம் எதை வைத்தாலும் ஒன்றுதான்: மூன்றும் ஐந்தும் எட்டு, ஐந்தும் மூன்றும் எட்டு. கழித்தலில் மாற்றி வைத்தால் வேறு விடை. எங்கள் டேட்டாபேஸில் 'இதற்குள் அது அடங்குமா' என்று கேட்பதற்கு ஒரு குறி இருக்கிறது. இதை மாற்றி வைத்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். 'ஊருக்குள் வீடு இருக்கிறதா' என்று கேட்க வேண்டிய இடத்தில் 'வீட்டுக்குள் ஊர் இருக்கிறதா' என்று கேட்டதாக ஆகிவிடும். கம்ப்யூட்டர் சிரிக்காது. அதிர்ச்சி அடையாது. 'இல்லை' என்று மரியாதையாகப் பதில் சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும்.

இதில் இன்னொரு சிக்கல். வெளியிலிருந்து கேட்பவர்கள் பெரியதை இடப்பக்கம் எழுத வேண்டும், சிறியதை வலப்பக்கம். ஆனால் எங்கள் இயந்திரம் (அந்த டேட்டாபேஸைத்தான் அப்படிச் சொல்வோம்) வேகமாகத் தேடுவதற்காக, உள்ளே போனதும் இரண்டையும் இடம் மாற்றிக்கொள்ளும். உள்ளே உட்கார்ந்து வேலை செய்கிற பகுதிக்குச் சிறியது முதலில் வரும், பெரியது இரண்டாவதாக வரும். இதை யாராவது எழுதி வைத்திருக்க வேண்டும் இல்லையா? கம்ப்யூட்டருக்காக எழுதுகிற நிரலை 'கோடு' என்போம்; அதற்கு மேலே மனிதர்கள் படிப்பதற்காகக் குறிப்பு எழுதுவோம், கமென்ட் என்போம். கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும், படிக்காது. அந்த இடத்தில் பதினாலு வருடமாக இருந்த கமென்ட் இரண்டே சொல்: 'வரிசை வெளிப்படை.' அதாவது, எது முன்னால் எது பின்னால் என்பது பார்த்தாலே தெரியும், கேள்வி கேட்காதே, போ.

எழுதியவர் தாடி. ஆபீசில் எல்லோரும் அவரை அப்படித்தான் சொல்கிறோம், அவருக்கும் தெரியும். அந்த இயந்திரத்தில் பாதி அவர் கையால் எழுதியது. பெரிய மூளை, மறுக்க மாட்டேன். மத்தியானம் ஜன்னல் ஓரமாகத் தனியாக உட்கார்ந்து ஆப்பிளை நாலாக வெட்டிச் சாப்பிடுவார், யாரும் பக்கத்தில் போக மாட்டோம். சந்தேகம் கேட்டால் கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்தே பதினாலு வருடமாக ஒருத்தரும் அந்த இரண்டு சொல்லைத் தொடவில்லை. நானும்தான். ஒவ்வொரு தடவையும் ஒரு துண்டுத்தாளில் வட்டமும் புள்ளியும் போட்டுப் பார்த்து, சரிபார்த்து, தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு வெளிப்படையாகத் தெரிந்தவள் மாதிரி உட்கார்ந்திருப்பேன்.

போன மாதம் ஓர் ஊரின் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையிலிருந்து எங்களுக்கு அழைப்பு வந்தது. அவர்கள் எங்கள் இயந்திரத்தை வாங்கி, அதற்குள் தங்கள் ஆள் எழுதிய ஒரு பகுதியைப் பொருத்தியிருந்தார்கள். ஒருவர் போன் செய்தால், அவர் வீடு எந்த ஆம்புலன்ஸ் நிலையத்தின் எல்லைக்குள் வருகிறது என்று பார்த்து வண்டியை அனுப்ப வேண்டும். அடுத்த வாரம் தொடங்குவதாக இருந்தார்கள், அன்றைக்கு ஒத்திகை. அங்கே போன் எடுக்கும் அம்மா ஒருவர், சோதித்துப் பார்க்கத் தன் வீட்டு விலாசத்தையே போட்டிருக்கிறார். 'இந்த இடத்துக்கு நிலையம் எதுவும் இல்லை' என்று திரையில் வந்தது. பக்கத்து வீடு, இல்லை. எதிர்வீடு, இல்லை. பள்ளிக்கூடம், சந்தை, மேயர் வீடு, எதற்கும் இல்லை. ஊர் முழுவதிலும் ஒரே ஓர் இடத்துக்கு மட்டும் இரண்டு வண்டி தயார் என்று வந்தது. கல்லறைத் தோட்டம். யாரோ சோதனைக்காக வரைந்த குட்டி எல்லை ஒன்று, அந்தப் பெரிய தோட்டத்துக்கு நடுவில் முழுதாக விழுந்திருந்தது; 'இடத்துக்குள் எல்லை இருக்கிறதா' என்ற தலைகீழ்க் கேள்விக்கு அங்கே மட்டும் 'ஆம்'. உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஒரு வண்டி கிடையாது, செத்துப் படுத்திருப்பவர்களுக்கு இரண்டு!

ஆபீசில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அந்த அம்மாவிடம் நானே போனில் பேசினேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கப்பாவுக்கு நெஞ்சு வலி வந்து போச்சும்மா. ரெண்டு தடவை. அதனாலதான் எங்க வீட்டை மொதல்ல போட்டுப் பாத்தேன். இல்லைன்னு வந்ததும் கை ஆடிப்போச்சு. இது ஒத்திகைன்னு எனக்குத் தெரியும், ஆனா கைக்குத் தெரியலை" என்றார். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை, மாமா.

மூன்று நாள் தோண்டினேன். தாடியின் கோடில் ஒரு தப்பும் இல்லை. அந்த ஊர் எழுதியதிலும், தனியாகப் பார்த்தால், ஒரு தப்பும் இல்லை. அவர்களுடைய ஆள் எங்கள் கோடைத் திறந்து, எது முதலில் வரும் என்று தேடி, 'வரிசை வெளிப்படை' என்பதைப் படித்து, 'சரி, வெளிப்படைதான், பெரியது முதலில்' என்று எழுதிவிட்டான். அவனுக்கு அது அப்படித்தான் வெளிப்பட்டது! நான் அந்த இரண்டு சொல்லை எடுத்துவிட்டு நாலு வரி எழுதினேன். உங்களுக்காக இங்கே தருகிறேன், இதில் எந்த வரியில் மரியாதைக் குறைவு இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள்:

'வெளியே எழுதும்போது இடப்பக்கம் பெரியது, வலப்பக்கம் சிறியது.
உள்ளே வரும்போது இது திரும்பிவிடும்.
இங்கே முதலில் வருவது சிறியது (வீடு), அடுத்து வருவது பெரியது (எல்லை).
மாற்றி வைத்தால் பிழை என்று காட்டாது. தவறான பதிலைத் தரும்.'

அன்று மாலையே தாடி அதை எடுத்துவிட்டு, பழைய இரண்டு சொல்லைத் திரும்ப வைத்தார். நான் மறுபடி போட்டேன். அவர் எடுத்தார். ஒரே வாரத்தில் ஏழு தடவை. குழந்தைகள் சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி என்று தலைவர் சொன்னார். சொல்லட்டும். பிறகு கூட்டம் போட்டார்கள். நாலு வரிக்குப் பன்னிரண்டு பேர், இரண்டு மணி நேரம், ஒரு தட்டு பிஸ்கட். ஒருவர், "இடப்பக்கம்னா யாரோட இடப்பக்கம்?" என்றார். இன்னொருவர் 'முதலாவது' என்று எழுதலாமா, 'பூஜ்யமாவது' என்று எழுதலாமா என்றார், ஏனென்றால் கம்ப்யூட்டர் பூஜ்யத்திலிருந்துதான் எண்ணுமாம். மூன்றாவது ஆள் அரைமணி நேரம் யோசித்து ஒரு காற்புள்ளி கேட்டார்.

கடைசியில் தாடி வாயைத் திறந்தார். "பாத்தா தெரியாதா?"

"தெரியலையே சார்" என்றேன்.

"தெரியாதவங்க அதைத் தொடக் கூடாது."

"தொட்டுட்டாங்களே சார். ஒரு ஊரே தொட்டுடுச்சு."

எல்லோர் கையிலும் ஒரு துண்டுத்தாள் கொடுத்தேன். உள்ளே எது முதலில் வரும், பெரியதா, சிறியதா? கேட்காமல், பார்க்காமல் எழுதுங்கள் என்றேன். என்னையும் தாடியையும் விட்டால் பத்துப் பேர். நாலு பேர் சிறியது என்று எழுதியிருந்தார்கள், ஆறு பேர் பெரியது. தலைவர் பெரியது! எங்கள் ஆபீசில் சோதனை பார்க்கும் பெண் ஒருத்தி உண்டு, பேசவே மாட்டாள், 'மௌனம்' என்று பெயரே வைத்துவிட்டோம். அவள் எழுந்து, "நானும் தப்பாத்தான் எழுதியிருக்கேன், எட்டு வருஷமா இதைத்தான் சோதிக்கறேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அவள் குரல் இப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரியும். தாடி மட்டும் தாளைத் தொடவில்லை. "எனக்குத் தெரியும். யாருக்காவது சந்தேகம்னா என்னைக் கேக்கட்டும்" என்றார்.

அப்போதுதான் நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். தலைவர் உங்களிடம் நயமாகத்தான் சொல்லியிருப்பார், நான் உள்ளது உள்ளபடி எழுதுகிறேன். "நீங்க போய்ச் சேந்துட்டா யாரைக் கேக்கறது சார்? கல்லறைத் தோட்டத்துக்கு ஆள் அனுப்பியா? அங்கதான் ரெண்டு வண்டி ரெடியா நிக்குது" என்றேன்.

தாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே வெளியே போய்விட்டார். மறுநாள் தலைவர் அறைக்குக் கூப்பிட்டு, நாலு வரியையும் எடுக்க வேண்டும், தாடியிடம் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இல்லாவிட்டால் கீழ்த்தளத்தில் பழைய கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வேலைக்கு என்னை மாற்றுவதாகச் சொன்னார். "அவர் இல்லன்னா நம்ம இயந்திரமே இல்லம்மா" என்றார். நான், "அதைத்தான் சார் நானும் சொன்னேன்" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

நீங்கள் போனில் கடைசியாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. "கம்ப்யூட்டரே படிக்காத நாலு வரிக்காகவா வேலையை விடப் போற?" ஆமாம் மாமா, அதற்காகத்தான். கம்ப்யூட்டர் படிக்கிற வரிகளைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். மனிதன் படிக்கிற வரியை மனிதன்தானே பார்க்க வேண்டும்? நீங்கள் முப்பத்தைந்து வருடம் நிலம் அளந்தவர். வடக்கு எந்தப் பக்கம் என்று அம்பு போடாமல் ஒரு வரைபடமாவது கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறீர்களா? நிலம் அந்த அம்பைப் படிக்காது. வடக்கு எது என்று உங்களுக்கும் தெரியும். பின்னே யாருக்காகப் போட்டீர்கள்? உங்களுக்கு அடுத்து அந்தத் தாளை விரிக்கப் போகிற, முகம் தெரியாத ஒருத்தனுக்காகத்தானே? அம்பு இல்லாத வரைபடத்தைக் கொண்டுவந்த ஒருவரை நீங்கள் வாசலிலேயே நிற்க வைத்துத் திட்டியதை அத்தை இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள். அவரிடம் நீங்கள் மன்னிப்புக் கேட்டதாக நான் கேள்விப்படவில்லை.

என் வீட்டுக்காரரிடமும் கேட்டேன். அவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர், பேச்சு குறைவு. "எங்க பலகைல எந்த வயர் மேல போக, எந்த வயர் கீழ போகன்னு சீட்டு ஒட்டியிருக்கும். ஒட்டாதவனை நாங்க கூட்டாளியா வெச்சுக்க மாட்டோம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிறகு சமையலறைக் குழாயைத் திருக ஆரம்பித்தார், அது கையோடு வந்துவிட்டது, அரைமணி நேரம் இருவரும் வாளி பிடித்துக்கொண்டிருந்தோம். ஆனால் அவர் சொன்னது சரி.

வயதில் பெரியவரை அப்படிப் பேசலாமா என்று கேட்பீர்கள். பேசக் கூடாதுதான். ஆனால் அந்த அம்மாவின் கை ஆடியதே, அதற்கு யார் மன்னிப்புக் கேட்பார்கள்? தாடியா, தலைவரா? ஒருவரும் அவரைக் கூப்பிட்டுப் பேசவில்லை. நேற்று அவரே என்னைக் கூப்பிட்டார். அவர்களுடைய ஆள் திருத்திவிட்டானாம், இப்போது எல்லா வீட்டுக்கும் நிலையம் வருகிறதாம். "ஆனா அடுத்த ஊர்க்காரங்க இதையே வாங்கினா, அவங்களுக்கும் தெரியணுமே. எழுதி வெச்சுட்டீங்கள்ல?" என்று கேட்டார். "வெச்சுட்டேம்மா" என்றேன். அப்படிச் சொல்லிவிட்டேன், மாமா. இனி எப்படி எடுப்பேன்?

ஆகவே நாளைக்கு நான் வழக்கம்போல ஒன்பது மணிக்குப் போவேன். தாடி மறுபடி எடுத்திருந்தால் எட்டாவது தடவையாக அந்த நாலு வரியைப் போடுவேன். ஐந்து மணிக்குக் கையை வீசிக்கொண்டு தலைவர் முன்னால் நிற்பேன். கீழ்த்தளத்துக்கு அனுப்பினால் போவேன், அங்கே இருக்கிற கோப்புகளின் மேல் எல்லாம் எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம் என்று எழுதி ஒட்டுவேன். வீட்டுக்கு அனுப்பினால் வீட்டுக்கு வருவேன். எதுவானாலும் தாடிக்கு என் கையால் ஒரு எழுத்து போகாது. இது சத்தியம், நீங்கள் நேரில் வந்து வாசலில் உட்கார்ந்தாலும் மாறாது.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் கால் வீக்கம் குறைந்ததா என்று அவளை ஒரு வரி எழுதச் சொல்லவும். பேசுவதை நாற்பது நிமிடத்திலிருந்து முப்பதாகக் குறைத்தால் ரத்த அழுத்தத்துக்கு நல்லது. உங்கள் ஆசி எப்போதும் என் தலைமேல் இருக்கட்டும், அறிவுரை மட்டும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பணிவும் பிடிவாதமும் ஒருங்கே உள்ள உங்கள் மருமகள்,
குண்டூசி

பி.கு.: வெள்ளிக்கிழமை, மதியம். காலையில் இதைத் தபாலில் போட மறந்துவிட்டேன். நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் மேலே எழுதியதில் பெரும்பகுதி இப்போது செல்லாது. பத்து மணிக்குத் தாடி என் மேஜைக்கு வந்தார். பதினாறு வருடத்தில் முதல் தடவை. தன் கீபோர்டை அப்படியே கழற்றித் தூக்கிக்கொண்டு வந்து, என் முன்னால் கவிழ்த்து வைத்தார். அடியில் மஞ்சள் பாரித்த ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் ஒரு வட்டம், ஒரு புள்ளி, '1', '2'. "எழுதின அன்னைக்கே அஞ்சு தடவை மாத்தி வெச்சேன். வெக்கமா இருந்துச்சு. வெளிப்படைன்னு எழுதிட்டேன். அப்புறம் யாருமே கேக்கலை" என்றார். நான் எழுந்து நின்றுவிட்டேன். அவர் உட்காரச் சொல்லிவிட்டு, "அடுத்த மாசம் எனக்கு ஆபரேஷன். நெஞ்சுல ஒரு வால்வு. டாக்டர் சின்ன விஷயம்னுதான் சொல்றார். ஆனா அன்னைக்கு நீ கேட்டது நல்ல கேள்விம்மா. யாரைக் கேக்கறது?" என்றார்.

நான் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டேன், மாமா. ஐந்து மணி வரைக்கும்கூட இருக்கவில்லை, பத்தே காலுக்கே. இரண்டு பக்கம். அழுதேனா என்று அம்மா கேட்டால் இல்லை என்று சொல்லுங்கள்.

நாலு வரியையும் நானே எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் தாடி எழுதிய முப்பத்தோரு வரி இருக்கிறது. எடுத்துக்காட்டு ஏழு, படம் மூன்று, கடைசியில் தன் வீட்டு போன் நம்பர். இவ்வளவு நீளமாக எழுதினால் ஒருத்தனும் படிக்க மாட்டான், குறைத்தே ஆக வேண்டும் என்றேன். ஒரு சொல்லையும் எடுக்க மாட்டேன் என்கிறார். மதியத்துக்குள் நான் இரண்டு தடவை வெட்டினேன், அவர் இரண்டு தடவை திரும்ப ஒட்டினார். திங்கட்கிழமை கூட்டம். தலைவர் உங்களை போனில் கூப்பிடுவார். இந்தத் தடவை நீங்கள் தாடியின் மாமாவைக் கண்டுபிடித்து அவரிடம் பேசுங்கள்.